மாத்திரையும் பல்லும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமாம். எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்தணும்?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கிய குழியில் ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும். பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். ராத்திரியில் கசிந்து அலைய வேண்டியிருக்காது. அப்புறம், வலிக்கு நீங்களாக ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், கசிவு அதிகமாகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைப் புதிதாக எடுத்து, அந்த ரிசல்ட்டுடன் போக வேண்டும்.

கேள்வி: பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறுகிறது. மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் இப்படிச் செய்யும். கண்ணாடியில் பாருங்கள்: முன்பற்களுக்கு நடுவே இருக்கும் முக்கோண ஈறுதான் முதலில் மொட்டு மாதிரி உருளும். பல்லில் அழுக்கும் காரையும் படிந்திருந்தால் வீக்கம் மோசமாகும். அதனால் முதல் வேலை கிளீனிங். நன்றாகச் சுத்தம் செய்தாலே பலருக்கு ஓரளவு வடிந்துவிடும். வடியாவிட்டால், வேறு மாத்திரை தர முடியுமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறேன். நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது.

பதில்: ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். ஸ்பேஸர் (இன்ஹேலரின் வாயில் மாட்டும் குழாய்) வைத்து இழுத்தால் மருந்து வாயில் தங்குவது குறையும். இருக்கும் படிவை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா வருடம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறார். இதையெல்லாம் பல் டாக்டரிடம் சொல்லணுமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒன்று என்பதால் பலருக்கும் இது ஞாபகத்துக்கே வருவதில்லை. அது சோலெட்ரோனிக் அமிலமாக இருந்தால் எலும்பில் பல வருடம் தங்கும். பல் பிடுங்கிய இடம் அபூர்வமாக ஆறாமல் போய்த் தாடை எலும்பு வெளியே தெரியும். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்குத் தரும்போது அதிகம். பிடுங்காமல் வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடிகிற பல் என்றால் நான் அதைத்தான் விரும்புவேன்.

கேள்வி: பல்வலிக்கு ஆஸ்பிரினைக் கன்னத்தில் அடக்கிவைத்தேன். அந்த இடம் வெளுத்து எரிகிறது.

பதில்: தோல் வெந்திருக்கிறது. இனி வைக்காதீர்கள், அது சில நாளில் ஆறும். பல்லைக் காட்டுங்கள்.