களிமண் வாய் திறக்கலாமா?

வேதாகமக் கேள்வி – பதில்

கடவுளின் ஆளுகையைப் பற்றி வேதாகமம் சொல்லும் உவமைகளைக் குறித்து மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் "ஏன் ஆண்டவரே?" என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். "களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா?" என்று சபை மூப்பர் ஒருவர் கண்டித்தார். அன்றிலிருந்து ஜெபிக்கவே பயமாக இருக்கிறது. நான் கேட்டது பாவமா? – ஒரு சகோதரி, தாராவி

பாவம் இல்லை, சகோதரி. அந்த வசனத்தை உங்கள் மேல் போட்டதுதான் தவறு.

குயவன், களிமண் உவமை வேதத்தில் பல இடங்களில் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஏசாயா 29:16 சொல்லப்பட்டது, தங்கள் ஆலோசனையைக் கர்த்தருக்கு மறைத்து, "எங்களைக் காண்கிறவர் யார்?" என்று இருட்டிலே திட்டம் போட்டவர்களுக்கு. ஏசாயா 45:9, கோரேசு என்ற அந்நிய ராஜாவைக் கொண்டு கடவுள் மீட்பைத் தருவதை ஏற்க மனமில்லாமல் வழக்காடியவர்களுக்கு. ரோமர் 9:20-ம் தர்க்கம் பண்ணுகிறவனுக்குத்தான். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுலே தன் இனத்தாரை நினைத்து இடைவிடாத மனவேதனையில் இருப்பதாகச் சொல்கிறார். நோயாளியின் கட்டிலருகே அழுகிறவரைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றும் பேசவில்லை.

இன்னும் ஒன்று. களிமண்ணே வாய் திறந்து கேட்கிற இடமும் வேதத்தில் இருக்கிறது. யோபு 10:9-ஐ எடுத்துப் படியுங்கள். களிமண்போல என்னை உருவாக்கினீரே, அதை நினைத்துப் பாரும், என்னைத் திரும்பவும் தூளாகப் போகப்பண்ணுவீரோ என்று யோபு கேட்கிறான். உருவாக்கினவர் நீர் என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே பிடி. பிற்பாடு கடவுள் யோபையும் நான்கு அதிகாரங்கள் (38–41) கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, அவன் அறியாததை உணர்த்துகிறார், உண்மைதான். ஆனால் புத்தகத்தின் முடிவில் அவருடைய கோபம் மூண்டது யோபின்மேல் அல்ல. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" (42:7) என்று, அவனுக்குப் புத்தி சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடிந்துகொண்டார்.

ஏசாயா 64-ம் அப்படியே. 8-ஆம் வசனத்தில் "நாங்கள் களிமண், நீர் எங்களை உருவாக்குகிறவர்" என்று சொன்ன அதே வாய், 12-ஆம் வசனத்தில் 'இவ்வளவு நடந்தும் மவுனமாயிருப்பீரோ?' என்று கேட்கிறது. அந்த ஜெபத்தில் களிமண் என்பது சரணாகதியாகவும் இருக்கிறது, உரிமைக் குரலாகவும் இருக்கிறது. ஜெபிக்கப் பயமாக இருக்கும் நாட்களில் யோபு 10:8–12, ஏசாயா 64:8–12, சங்கீதம் 13 ஆகிய மூன்றையும் உரக்க வாசியுங்கள். கேட்பதற்கான வார்த்தைகளை வேதமே கொடுத்திருக்கும்போது ஒருவரும் அதைப் பிடுங்கக் கூடாது.

கேள்வி: எரேமியா 18-ஐ நடத்த, எங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைத் தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவுக்கு அழைத்துப்போக நினைக்கிறோம். எதைக் காட்ட வேண்டும்? என்ன சொல்ல வேண்டும்? – ஆசிரியர்கள், செம்பூர்

நல்ல யோசனை. ஆனால் சக்கரத்தில் பானை எழும்புவதை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினால் பாடத்தின் பாதிதான் போய்ச் சேரும். 18-ஐயும் 19-ஐயும் சேர்த்தே நடத்துங்கள்.

18-இல் எரேமியா குயவன் வீட்டுக்குப் போகிறார். அங்கே குயவன் கையில் இருப்பது ஈர மண். பாண்டம் கெட்டுப்போகிறது. அவன் அந்த மண்ணைத் தூக்கி எறியாமல் அதையே வேறு பாண்டமாக வனைகிறான். 19-இல் எரேமியா கொண்டுபோவது சுட்ட கலசம். அதை மூப்பர்கள் கண்முன்னே இன்னோம் பள்ளத்தாக்கில் உடைக்கிறார். இனிச் செப்பனிட முடியாத குயவனுடைய மண்பாண்டம்போல எருசலேம் நகரம் உடைக்கப்படும் என்கிறார். இரண்டு அதிகாரத்துக்கும் நடுவே இருப்பது சூளை.

பிள்ளைகளுக்கு இதைக் கையோடு காட்டிவிடலாம். குயவரிடம் சூளைக்குப் போகாத பச்சை அகல் ஒன்றும் சுட்ட அகல் ஒன்றும் விலைக்கு வாங்குங்கள். அகலமான கிண்ணத்தில் இரண்டும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டையும் போடுங்கள். பச்சை அகல் குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, சற்று நேரத்தில் சேறாகிவிடும். சுட்டது அப்படியே கிடக்கும். இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பச்சை அகல் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் தண்ணீர் சட்டென்று ஏறாது. அது கரையாமல் பிடிவாதமாக நிற்கும், பாடமும் தலைகீழாகிவிடும். வெளுத்த நிறமாக, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சூளையில் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மண்ணின் உட்கட்டில் பிணைந்திருக்கும் நீரே போய்விடுகிறது. அப்புறம் அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் களிமண் ஆகாது.

சக்கரத்தருகே நிற்கும்போது, பாண்டம் எப்படிக் கெடும் என்று குயவரையே கேட்கச் சொல்லுங்கள். மண்ணில் சிறு கல் கிடந்தாலும், மிதித்துப் பிசைந்தது போதாமல் காற்று தங்கினாலும், மண் சக்கரத்தின் நடுவில் உட்காராவிட்டாலும் சுவர் ஒருபக்கம் கனத்து மறுபக்கம் மெலிந்து ஆடி விழும். எரேமியா பார்த்த சக்கரம் ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு வட்டுகள் உள்ளது, கீழ்வட்டைக் காலால் உதைத்துச் சுற்றுவார்கள். இன்று பெரும்பாலும் மோட்டார்தான் ஓடுகிறது. கை செய்யும் வேலை மாறவில்லை.

பிறகு 18:7–10-ஐ நிறுத்தி வாசியுங்கள். ஒரு ஜாதி தன் தீமையை விட்டுத் திரும்பினால் நானும் மனம் மாறுவேன் என்கிறார் கர்த்தர். "எல்லாம் எழுதியபடிதான் நடக்கும், நாம் செய்ய ஒன்றுமில்லை" என்பது குயவனுடைய செய்தியே அல்ல. 18:12-இல் 'அது ஆகாத காரியம்' என்று கைவிரிப்பவர்கள் ஜனங்கள்தான், கடவுள் இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும்.

போவதற்கு முன்: அது மக்கள் குடியிருக்கும் இடம், சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்களின் வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். முன்னதாகப் போய் அனுமதி கேளுங்கள். சந்து குறுகல், பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போகாதீர்கள். சூளைக்குப் பஞ்சுக் கழிவை எரிப்பதால் புகை அடர்த்தியாக இருக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளைச் சூளை எரியாத நேரத்தில் கூட்டிப்போங்கள். மழைக்காலத்தில் எதுவும் காயாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை. தீபாவளி முடிந்து போவதே நல்லது.

கேள்வி: "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது" என்று நீதிமொழிகள் 21:1 சொல்கிறது. அப்படியானால் ஆட்சிக்கு வருகிற எல்லாரும் கடவுள் மெச்சியவர்கள்தானா? – ஒரு வாசகர், மாட்டுங்கா

இல்லை. நீர்க்கால் என்பது பாசன வாய்க்கால். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை. அது தன் பாரத்தால் தானாகப் பள்ளம் நோக்கி ஓடுகிறது. விவசாயி மடையைத் திறக்கிறார், வரப்பை வெட்டுகிறார், எந்த வயலுக்குப் போக வேண்டுமோ அந்த வயலுக்குத் திருப்புகிறார். ஓட்டம் தண்ணீருடையது, திசை விவசாயியுடையது. ராஜா தன் ஆசைப்படியே செய்கிறான், ஆனால் அது போய்ச் சேரும் இடம் அவன் கையில் இல்லை. தண்ணீர் சுத்தமானதா கலங்கலா என்பதைப் பற்றி இந்த வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் ஏசாயா 10:5–19-இல் இருக்கிறது. இஸ்ரவேல்மேல் படையெடுத்த அசீரிய ராஜாவை என் கோபத்தின் கோல் என்கிறார் கர்த்தர். ஆனால் அவன் மனதில் அந்த எண்ணமே இல்லை, அழிப்பதுதான் அவன் நினைவு (வசனம் 7). வேலை முடிந்ததும் அவனுடைய பெருமைக்காக அவனையே தண்டிப்பேன் என்கிறார் (வசனம் 12). தன்னால் வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடரி மேன்மை பாராட்டலாமோ என்ற கேள்வி வருவது அதற்குப் பிறகுதான் (வசனம் 15). கடவுள் பயன்படுத்தினார் என்பது நற்சான்றிதழ் ஆகாது.

சரித்திரத்தில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்தான். 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவையைப்போல அடைத்ததாகவும் தன் களிமண் பட்டயத்தில் எழுதிவைத்தான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை. அவனுக்குக் கர்த்தர் சொன்ன பதில் ஏசாயா 37:29. உன் மூக்கில் என் துறட்டையும் உன் வாயில் என் கடிவாளத்தையும் போட்டு, வந்த வழியே உன்னைத் திருப்புவேன் என்றார். கைதிகளை அப்படி நடத்தியவர்கள் அசீரியர்கள்தான். சனகெரிப்பின் மகன் எசரத்தோனுடைய கல்தூண் ஒன்றில், கைதிகளின் உதட்டில் கோத்த வளையங்களின் கயிற்றை ராஜா கையில் பிடித்திருப்பதை இன்றும் காணலாம். சனகெரிப் கி.மு. 681-இல் பெற்ற பிள்ளைகளின் கையாலேயே செத்தான்.

ஓசியா 8:4-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் ராஜாக்களை ஏற்படுத்திக்கொண்டார்கள், ஆனால் என்னாலே அல்ல என்கிறார் கடவுள். ஒரு தலைவரைப் புகழ நீதிமொழிகள் 21:1-ஐ மேடையில் யாராவது எடுத்தால், ஏசாயா 10-ஐயும் அதே மேடையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் சரி.

கேள்வி: கடவுள் நெசவாளி, நாம் துணியின் பின்பக்கத்து நூலை மட்டும் பார்க்கிறோம் என்று பிரசங்கத்தில் கேட்டேன். இது எந்த வசனம்? – ஒரு வாசகர், சயான்

வசனம் இல்லை. பிரசங்கிகள் வழிவழியாகச் சொல்லிவரும் உவமை. கருத்து தப்பில்லை, ஆனால் வேதவசனம் என்று சொல்லக்கூடாது. நெசவைப் பற்றி வேதம் சொல்வது வேறு. நெய்கிறவன் பாவு நூலை அறுப்பதுபோல என் ஆயுசு அறுபடுகிறது என்று வியாதிப்பட்ட எசேக்கியா புலம்புகிறான் (ஏசாயா 38:12). அவன் அழுதான், கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார்.

கேள்வி: "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவியும் தரையிலே விழாது" என்கிறது மத்தேயு 10:29. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இறந்த ஒரு பையனின் வீட்டுக்கு நாளை ஆறுதல் சொல்லப் போகிறோம். இந்த வசனத்தை வாசிக்கலாமா? – வாலிபர் ஐக்கியம், தாராவி

முதல் நாளில் வேண்டாம். வசனம் பொய் என்பதால் சொல்லவில்லை. அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதே காரணம். உபத்திரவத்துக்குள் அனுப்பப்படும் சீஷர்களுக்கு, போகுமுன் 'பயப்படாதிருங்கள்' என்று இயேசு சொன்னது இது. இழவு வீட்டில் அதே சொல் "உன் பிள்ளையைத் தள்ளியது கடவுள்" என்று தாயின் காதில் விழும்.

லூக்கா 12:6-இல் இதே குருவிகள் இன்னொரு விதமாக வருகின்றன. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் போட்டால் ஐந்தாவது குருவி கொசுறு, அதற்கு விலையே இல்லை. அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார். வாசிக்கத்தான் வேண்டுமென்றால் இதை வாசியுங்கள்.

"என்ன பாவமோ" என்று யாராவது பேச்செடுத்தால் லூக்கா 13:4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று இயேசுவே சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சகலமும் நன்மைக்கே நடக்கும் என்கிற ரோமர் 8:28-ஐயும் யோசேப்பின் கதையையும் ஒதுக்கிவையுங்கள். "தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற கருத்தை யோசேப்பு தன்னை விற்ற சகோதரரிடம் சொன்னது தன் பாடுகளைப் பற்றி, அதுவும் பல வருஷம் கழித்து (ஆதியாகமம் 50:20). பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவனிடம் சொன்னது அல்ல.

நான்கைந்து பேராகப் போங்கள். சங்கீதம் 88-ஐ ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். அது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம், விளக்கம் சேர்க்க வேண்டாம். ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். பிரேதப் பரிசோதனை, ரயில்வே போலீஸ் காகிதங்கள் என்று அலைய அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்படும். அதற்கு உங்களில் இரண்டு பேரை இன்றே ஒதுக்குங்கள்.