பூங்காவுக்கென்று தனி வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க நகரங்களில் பூங்காக்களைச் சீரமைக்கவும் பராமரிக்கவும் சொத்து வரியைக் கூட்டலாமா என்று வாக்காளர்களிடமே கேட்கும் வழக்கம் உண்டு. அங்கு வாழும் வாசகர்கள் இது குறித்து அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வீடு வைத்திருக்கிறோம். சொத்து வரி தவறாமல் கட்டுகிறோம். அதில் பூங்காவுக்கும் ஒரு பங்கு போகும் என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு ஏன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பூங்காவுக்கென்று தனியாக வாக்குக் கேட்கிறார்கள்?

பதில்: நீங்கள் நினைத்தது சரிதான், பங்கு போகிறது. அது போதாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் உங்கள் மாநில வாக்காளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கடிவாளம். 1990-இல் நிறைவேறிய 5-ஆம் தீர்மானம், பள்ளிகள் தவிர்த்த உள்ளாட்சிச் செலவுகளுக்கான சொத்து வரி ஆயிரம் டாலர் சந்தை மதிப்புக்குப் பத்து டாலரைத் தாண்டக் கூடாது என்றது. 1997-இல் வந்த 50-ஆம் தீர்மானம், ஒரு சொத்தின் வரி மதிப்பு (வரியைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் மதிப்பு), புதிய கட்டுமானம் போன்றவை இல்லாத நிலையில், ஆண்டுக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்று வரம்பு கட்டியது. புல்வெட்டுபவரின் ஊதியமும் நீச்சல் குளத்தைச் சூடாக்கும் செலவும் அந்த மூன்று சதவீதத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை. எனவே நகரம் மீண்டும் வாக்காளர்களிடம் வந்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கூடுதல் வரி கேட்கிறது. அன்றாடச் செலவுக்கான வரி என்றால் ஐந்தாண்டும், கட்டுமானத்துக்கான வரி என்றால் பத்தாண்டும் உச்ச வரம்பு. அதனால்தான் இந்த ஐந்தாண்டுக் கணக்கு.

2020 நவம்பரில் போர்ட்லாந்து வாக்காளர்கள் ஆயிரம் டாலர் வரி மதிப்புக்கு 80 சென்ட் என்ற வரிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2025 நவம்பரில் அது 1 டாலர் 40 சென்டாக உயர்த்தப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. வரி மதிப்பு இரண்டரை லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு முன்பு ஆண்டுக்கு 200 டாலர் என்றால் இனி 350 டாலர். இங்கே கணக்கில் எடுக்க வேண்டியது வரி மதிப்பை. அது சந்தை விலையைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. இரண்டும் உங்களுக்கு வரும் வரி அறிக்கையிலேயே இருக்கும். பலர் சந்தை விலையை வைத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு வீணாகக் கலங்குகிறார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு சொத்தின் மொத்த உள்ளாட்சி வரி அந்தப் பத்து டாலர் வரம்பைத் தொட்டுவிட்டால், முதலில் வெட்டு விழுவது இத்தகைய தற்காலிக வரிகளின் மீதுதான். ஆகவே வாக்குச் சீட்டில் எழுதியிருக்கும் விகிதம் எல்லா வீட்டிலிருந்தும் முழுமையாக வசூலாவதில்லை.

கேள்வி: வரி கட்டிய பிறகும், 2023-இல் போர்ட்லாந்து பூங்காக்களில் விளக்குக் கம்பங்களைப் பிடுங்கி எடுத்துப் போனார்களே! எங்கள் பணம் என்னவாயிற்று?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை வரியின் மீது காட்டுவதற்கு முன் அந்த வரி எதற்காகப் போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பூங்காக்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பழைய கம்பங்கள் விழுந்துவிடும் நிலையில் இருப்பதாக ஆய்வில் தெரியவந்ததால் நகரம் அவற்றை அகற்ற முடிவெடுத்தது. 2020-இல் நீங்கள் ஒப்புதல் தந்த வரியோ பெரும்பாலும் அன்றாட இயக்கத்துக்கானது: பணியாளர் ஊதியம், குப்பை அகற்றுதல், மரங்களைப் பேணுதல், குழந்தைகளுக்கான வகுப்புகள், வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை. துருப்பிடித்த கம்பத்துக்குப் பதில் புதுக் கம்பம் நடுவது கட்டுமானச் செலவு. அதற்கான பணம் வேறு பெட்டியிலிருந்து வர வேண்டும்.

இந்த இரண்டு பெட்டிக் கணக்கைப் புரிந்துகொண்டால் பூங்கா நிதியில் பாதி புரிந்த மாதிரி. 2014-இல் இதே போர்ட்லாந்து வாக்காளர்கள் 6.8 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். கடன் பத்திரப் பணத்தைக் கொண்டு விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்கலாம், கழிப்பறை கட்டலாம், நீச்சல் குளத்தின் குழாய்களை மாற்றலாம். அந்தக் குளத்துக்கு ஓர் உயிர்காப்பாளரை நியமிக்க முடியாது. அன்றாட வரிப் பணத்தின் நிலை இதற்கு நேர்மாறு. ஊழியர் இருப்பார்கள், கூரை ஒழுகும். போர்ட்லாந்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பழுதுபார்ப்பு வேலைகளின் மதிப்பு 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 80 சென்ட் வரி அந்த மலையை அசைப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல.

இதில் அரசியல்வாதிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. புதுப் பூங்காவுக்கு நாடா வெட்டலாம், மாற்றிய வடிகாலுக்கு யார் வெட்டுவார்கள்? ஆகவே வாக்குச் சீட்டில் புதிய திடல், புதிய குளம் என்று வாக்குறுதி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, அது திறக்கப்பட்ட மறுநாளிலிருந்து அதைப் பராமரிக்கும் ஆண்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று சொல்லும் ஒரு வாசகத்தை. அந்த வாசகம் இல்லையென்றால், சில ஆண்டுகளில் இன்னொரு வாக்குச் சீட்டு வரும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சியாட்டிலில் இப்போது பூங்காவுக்கென்று வாக்கெடுப்பே நடப்பதில்லையே, ஏன்?

பதில்: வாக்கெடுப்பு நடந்து முடிந்துவிட்டது, அதுதான் விஷயம். சியாட்டிலில் 2000-இல் எட்டாண்டுக்கு 19.8 கோடி டாலர், 2008-இல் ஆறாண்டுக்கு சுமார் 14.6 கோடி டாலர் என்று காலவரையறையோடு வரிகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. 2014 ஆகஸ்டில் வாக்காளர்கள் வேறொரு வகையான முடிவெடுத்து, சியாட்டில் பூங்கா மாவட்டம் என்ற தனி வரி அமைப்பையே உருவாக்க ஒப்புதல் தந்தார்கள். அதன் ஆட்சிக் குழுவில் இருப்பவர்கள் நகர மன்ற உறுப்பினர்களே. ஆயிரம் டாலருக்கு 75 சென்ட் என்ற சட்ட வரம்புக்குள் அவர்கள் வரி விதிக்கலாம், ஒவ்வொரு முறையும் மக்களிடம் வர வேண்டியதில்லை. 2023 முதல் 2028 வரையிலான இரண்டாம் சுற்றுக்கு வசூலை ஏறக்குறைய இரு மடங்காக்கியபோது வாக்குச் சீட்டு எதுவும் அச்சாகவில்லை.

நிலையான வருமானம் இருந்தால் இருபது ஆண்டுத் திட்டம் போடலாம், அடுத்த தேர்தலில் தோற்றால் என்ன செய்வது என்ற பயத்தில் தற்காலிக ஊழியர்களை வைத்து ஓட்ட வேண்டியதில்லை. இது ஆதரவாளர்களின் வாதம், இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆறாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் கணக்கைக் காட்டியாக வேண்டிய கட்டாயம் போய்விட்டது என்ற குறையை அந்த வாதம் தீர்க்கவில்லை. மினியாபொலிஸ் நகரம் 1883-இலேயே பூங்காவுக்குத் தனி வாரியம் அமைத்தது. அங்கே வாரிய உறுப்பினர்களை மக்கள் அதற்கென்றே தேர்ந்தெடுக்கிறார்கள். பூங்கா கெட்டால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் அங்கில்லை. என்னைக் கேட்டால் நிரந்தர வரிக்கு அந்த அமைப்பே பொருத்தம்.

கேள்வி: தனி வரி வந்தவுடன், பொது நிதியிலிருந்து பூங்காவுக்குக் கொடுத்துவந்த பணத்தை நகரம் சத்தமில்லாமல் குறைத்துவிடாதா?

பதில்: குறைக்கும், தடுக்கும் வாசகம் இல்லாவிட்டால். காவல், தீயணைப்பு, சாலை எல்லாம் அதே பொது நிதியைத்தான் நம்பியிருக்கின்றன. பூங்காவுக்கு வேறு வருமானம் வந்துவிட்டது என்றால் நிதிநிலை அறிக்கை தயாரிப்பவரின் பேனா முதலில் அங்கேதான் போகும். சியாட்டில் இதை முன்கூட்டியே யோசித்தது. நகரத்துக்கும் பூங்கா மாவட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், பொது நிதியிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 8.9 கோடி டாலர், விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டு, பூங்காக்களுக்குத் தொடர வேண்டும் என்று எழுதப்பட்டது. இயற்கைப் பேரிடர் அல்லது கடும் பொருளாதார நெருக்கடி என்றால் மட்டும், மன்றத்தின் முக்கால் பங்கு ஆதரவோடு அதைத் தளர்த்தலாம். உங்கள் நகரத் தீர்மானத்தில் இதுபோல ஒரு தொகை எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'தற்போதைய ஆதரவு தொடரும்' என்ற அளவில் நின்றுவிட்டால் அதற்கு எடை குறைவு.

நம்பிக்கைக் குறைவு ஒரு தீர்மானத்தையே கவிழ்த்துவிடும் என்பதற்கு ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியைப் பார்க்கலாம். 2015 நவம்பரில் அங்கே பூங்காக்களுக்காக நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்தையே திருத்தி ஒரு மில், அதாவது ஆயிரத்தில் ஒன்று, நிரந்தர வரி கேட்டார்கள். ஒஹையோவில் சந்தை மதிப்பின் 35 சதவீதத்துக்குத்தான் வரி என்பதால், ஒரு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு வெறும் 35 டாலர். ஆனாலும் தெளிவாகத் தோற்றது. பணத்தைச் செலவிடும் அதிகாரம் மேயரிடமும் பூங்கா வாரியத்திடமும் குவியும், அதுவும் சாசனத்தில் நிரந்தரமாக என்பதே எதிர்ப்பாளர்கள் எழுப்பிய முக்கிய ஆட்சேபம்.

கேள்வி: கலிபோர்னியாவில் இத்தகைய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமாமே?

பதில்: 1978-இல் வந்த 13-ஆம் தீர்மானத்தின் விளைவு அது. அடிப்படைச் சொத்து வரி ஒரு சதவீதத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக முன்வைக்கும் சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கட்டாயமானது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி 2014-இல் ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 23 டாலர் கேட்டது. அறுபது சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தும் தோற்றது. பிறகு அவர்கள் கவுன்ட்டி முழுவதும் எந்தப் பகுதிக்கு எந்தப் பூங்கா தேவை என்று கணக்கெடுத்து, வரியின் வடிவத்தையும் மாற்றி, கட்டடத்தின் சதுர அடிக்கு ஒன்றரை சென்ட் என்று 2016-இல் மீண்டும் வந்தார்கள். ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு வாக்கோடு வென்றார்கள்.

வடிவம் மாறியதில் என்ன மாறியது என்று பாருங்கள். முதல் திட்டத்தில் சிறிய வீட்டுக்காரரும் பெரிய வணிக வளாகத்தின் உரிமையாளரும் மனைக்கு அதே 23 டாலர். இரண்டாவதில் 1,500 சதுர அடி வீட்டுக்கு இருபத்திரண்டரை டாலர், இரண்டு லட்சம் சதுர அடி வளாகத்துக்கு 3,000 டாலர். வீட்டுக்காரருக்குச் சுமை கூடவில்லை, வசூல் கூடியது.

கேள்வி: கட்டும் பூங்கா வரியைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: சொத்து மதிப்பின் மீது போடப்படும் வரியானால், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்வோர் கழிக்கலாம். மாநில, உள்ளாட்சி வரிகளுக்கான மொத்த உச்ச வரம்பு 2018 முதல் 10,000 டாலராக இருந்தது, 2025-ஆம் ஆண்டுக்கு அது 40,000 டாலராக உயர்த்தப்பட்டது; மிக உயர்ந்த வருமானத்தினருக்கு அது குறையும். சதுர அடிக்கணக்கில் அல்லது மனைக்கு இவ்வளவு என்று வரும் வரிக்கு இதே விதி அப்படியே பொருந்தாது, உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணி விசாவில் இருக்கிறோம். சொந்த வீடு, முழு வரி, ஆனால் வாக்குரிமை இல்லை. எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வாக்களிக்கிறார். இது நியாயமா?

பதில்: வாடகைக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வரி உயர்ந்தால் அது காலப்போக்கில் வாடகையிலும் இறங்கும், எனவே அவரும் கட்டுபவரே. வரிச் சீட்டு அவர் பெயருக்கு வராததால் அந்தத் தொகை அவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் நிலை உண்மையிலேயே இக்கட்டானது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் பெரும்பாலான ஊர்களில் உங்களோடுதான் நிற்கிறார்கள்.

ஆனால் வாக்குச் சீட்டு அச்சாகும்போது பாதி முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். விகிதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, பொது நிதியின் குறைந்தபட்சப் பங்கு எவ்வளவு, கண்காணிப்புக் குழு உண்டா, எந்தப் பேட்டைப் பூங்கா பட்டியலில் முதலில் வரும் என்பதெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே நகர மன்றக் கூட்டங்களிலும் பொதுக் கருத்துக் கேட்பிலும் தீர்மானமாகின்றன. அங்கே எழுந்து பேசுபவரிடம் பொதுவாகக் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை, எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். தேர்தல் நவம்பரில் என்றால், கோடையிலேயே மன்றத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்க்கத் தொடங்குங்கள்.