டெம்பரேச்சர் நார்மல், ஆனா அலாரம் அடிக்குது: மானிட்டரை மாத்தணுமா?

ஷார்ஜால இருக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு. செகண்ட் ஹேண்ட்ல ஸ்பீட் போட் வாங்கினாராம், ரெண்டு 300 ஹெச்பி அவுட்போர்டு (போட் பின்னாடி வெளிய மாட்டுற இன்ஜின்), ஓடினது 90 மணி நேரம்தான்னு மீட்டர் காட்டுது. 5000 ஆர்பிஎம் தாண்டி கொஞ்சம் போனா வலது இன்ஜின் அலாரம் அடிச்சு தானாவே பவரை குறைச்சுக்குது, டெம்பரேச்சர் மட்டும் நார்மல். வித்து குடுத்த புரோக்கர் சென்சார் போயிடுச்சு, இன்ஜின் விவரத்தை காட்டுற மானிட்டர் செட்டையே மாத்துங்கன்னு சொல்றாராம்.

மாத்தாதீங்க தம்பி. மானிட்டர்ல வாட்டர் பிரஷர்னு ஒரு பக்கம் இருக்கும், முதல்ல அதைத் திறங்க. இன்ஜினுக்கு கீழ இருக்குற இம்பெல்லர்ங்கிற ரப்பர் இறக்கைச் சக்கரம்தான் கடல் தண்ணிய மேல தள்ளி இன்ஜினை குளிர வைக்குது, அது தேஞ்சா முதல்ல பிரஷர்தான் விழும், சூடு அப்புறம்தான் ஏறும். தண்ணி சுத்தமா நின்னுட்டா சென்சாரை சுத்தி தண்ணியே இருக்காது, அப்ப அது காட்டுற சூட்டை நம்ப முடியாது. ஐட்லிங், 3000, 5000ல ரெண்டு இன்ஜின் பிரஷரையும் ஒரு நோட்ல எழுதுங்க, இடது இன்ஜின்தான் உங்களுக்கு அளவுகோல்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ட்ரிம்மை, அதாவது இன்ஜினோட சாய்வை, ரொம்ப தூக்கி ஓட்டினாலோ வேகத்துல சடார்னு திருப்பினாலோ தண்ணி இழுக்குற ஓட்டை தண்ணிக்கு வெளிய வந்து காத்தை இழுக்கும், பிரஷர் விழும், அது ரிப்பேர் இல்ல. இன்ஜினை உயரமா மாட்டின போட்ல இது அடிக்கடி நடக்கும். அதனால ட்ரிம்மை இறக்கி, நேர் ஓட்டத்துல, அலை இல்லாத இடத்துல பாருங்க, அப்பவும் வலதுல மட்டும் விழுந்தா இம்பெல்லரை சந்தேகப்படலாம்.

அந்த 90 மணி நேரத்தை நம்பிடாதீங்க. டேஷ்போர்டு மீட்டரை மாத்துறது அரை மணி நேர வேலை, ஆனா இன்ஜின் கம்ப்யூட்டர்ல மொத்த மணி நேரமும் எந்த ஆர்பிஎம்ல எவ்வளவு ஓடுச்சுங்கிறதும் பதிவாயிருக்கும். சர்வீஸ் சென்டர்ல லேப்டாப் மாட்டி ரிப்போர்ட் எடுங்க. இந்த சின்ன வேலைக்கு வாரக்கணக்குல காக்க வைக்கிறாங்க, சர்வீஸ் புக்ல மட்டும் மடமடன்னு சீல் விழுது, கழட்டின பார்ட்டோட ஒரு போட்டோ கூட கிடையாது, எனக்கு இதுலதான் ஆத்திரம் வரும்.

மெர்க்குரி கம்பெனி இன்ஜினோட புக்ல 100 மணி நேரம் இல்லன்னா வருஷத்துக்கு ஒருதடவை சர்வீஸ், இம்பெல்லர் 300 மணி நேரம் இல்லன்னா 3 வருஷம்னு இருக்கும். வளைகுடால கோடைல கடல் தண்ணியே 33 டிகிரிக்கு மேல போகும், உப்பும் லிட்டருக்கு 40 கிராம் இருக்கும், மணல் வேற. அதனால இம்பெல்லரை நான் வருஷா வருஷம் மாத்திடுவேன். கியர் ஆயில் பால் மாதிரி வந்தா தண்ணி ஏறிடுச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் ப்ரொப்பெல்லர்ல சுத்தின மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு, தண்ணி உள்ள வராம தடுக்குற ரப்பர் சீலை அறுத்திருக்கும். ஒவ்வொரு தடவை ஓட்டி வந்ததும் நல்ல தண்ணில ஃப்ளஷ் பண்ணுங்க.

இம்பெல்லரை கழட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க. இறக்கை ஒண்ணு உடைஞ்சிருந்தா அந்த துண்டு எங்கன்னு கேளுங்க, அது பெரும்பாலும் தண்ணி மேல போற வழியிலதான் சிக்கியிருக்கும், அதை எடுக்காம திருப்பி மாட்ட விடாதீங்க.