சோடா குடித்ததும் அடங்கும் நெஞ்சு வலி

கேள்வி: திண்டுக்கல்லில் மளிகைக் கடை நடத்துகிறோம். என் கணவருக்கு 53 வயது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிகரெட் பழக்கமும் உண்டு. இரண்டு மாதங்களாக நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிப்பதாகச் சொல்கிறார். முதலில் அரிசி மூட்டை தூக்கும்போது மட்டும் வந்தது. இப்போது மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு நடந்து போகும்போதே வருகிறது. நின்று ஒரு சோடா குடித்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுவதால் வாயுத் தொல்லைதான் என்கிறார். இ.சி.ஜி. நார்மல். ஆனாலும் டாக்டர் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார். உள்ளே போனால் ஸ்டென்ட் வைக்காமல் விடமாட்டார்கள், பிறகு பழையபடி உழைக்க முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, மூட்டை தூக்கும்போது மட்டும் வந்த வலி இப்போது நடக்கும்போதே வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும், வலி மாதக்கணக்கில் ஒரே அளவு உழைப்புக்கு மட்டும் வந்து ஓய்வில் அடங்குமானால், பரிசோதனைகளை நிதானமாகத் திட்டமிடலாம். புதிதாகத் தொடங்கிய வலி, நாளுக்கு நாள் குறைந்த உழைப்புக்கே வரத் தொடங்கினால் அதை நிலையற்ற ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி) என்போம். அது எப்போது வேண்டுமானாலும் மாரடைப்பாக முற்றலாம். ஆகவே, இதழ் வெளிவரும் வரை காத்திராமல், உடனே இதய நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை உங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கச் சொல்லிவிட்டேன். காரணங்களை, இதே நிலையில் உள்ள மற்ற வாசகர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதும் சாப்பிட்ட சற்று நேரத்திலும் நெஞ்சைப் பிடிப்பதும், நின்றதும் விட்டுப்போவதும்தான் இந்த நோயின் அடையாளம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768-லேயே விளக்கினார். உங்கள் கணவருக்கு நடப்பது வரிக்கு வரி அதுதான். உணவு உண்டபின் குடலுக்கு அதிக ரத்தம் தேவைப்படுவதால் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நடையும் சேரும்போது, சுருங்கிய குழாய் வழியே வரும் ரத்தம் இதயத் தசைக்குப் போதாமல் வலிக்கிறது. சோடா வாங்கிக் குடிக்க அவர் நிற்கிறார் அல்லவா, அந்த ஐந்து நிமிட ஓய்வே வலியை அடக்குகிறது. ஏப்பத்துக்கு அதில் பங்கில்லை. வாயுவால் வரும் உப்புசம், நடந்தால் கூடி நின்றால் குறையும் என்ற கணக்குக்குள் பொதுவாக அடங்குவதில்லை.

இ.சி.ஜி. நார்மல் என்ற தாள் பல குடும்பங்களில் தவறான நிம்மதியைத் தந்துவிடுகிறது என்பது என் வருத்தம். படுத்த நிலையில், வலி இல்லாத நேரத்தில், சில விநாடி மின்னோட்டத்தை மட்டுமே அது பதிவு செய்கிறது. பெரிய அடைப்பு உள்ளவருக்கும் அப்போது அது மாறுதல் காட்டாமல் போகலாம். வலி இருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி.க்குத்தான் மதிப்பு அதிகம். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும், வலி தொடங்கிய உடனே ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். டிரெட்மில் சோதனை போதாதா என்று சிலர் கேட்பார்கள். வலி கூடிக்கொண்டே வரும் ஒருவரை ஓட வைத்துப் பார்ப்பது ஆபத்தானது. அது நிலையான வலி உள்ளவர்களுக்கு உரிய சோதனை. உங்கள் மருத்துவர் நேராக ஆஞ்சியோகிராமுக்குச் சொன்னது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஆஞ்சியோகிராம் அறுவை சிகிச்சை அல்ல. பெரும்பாலும் மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, சாய மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். நோயாளி விழித்தே இருப்பார். மருந்து பாயும்போது உடம்பில் சூடு பரவுவதுபோல் தோன்றி மறையும். சர்க்கரை நோயாளி என்பதால் முன்னதாகச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்; மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

உறவினர்களின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். நிலையான நோய் உள்ளவர்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. 37 நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) அல்லது பைபாஸ் (அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் மருந்தோடு மட்டும் தொடங்கியவர்களைவிட மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. ஆனால் வலி முற்றிக்கொண்டு வருபவர்களும், இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே அதைக் காட்டி உங்கள் கணவர் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு: பல குழாய்களில் அடைப்பு தெரிந்தால், அங்கேயே ஸ்டென்ட் வைக்காமல் வெளியே வந்து பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயோடு பல குழாய் அடைப்பும் இருப்பவர்களில் பலருக்கு பைபாஸே நீண்ட காலப் பலன் தருகிறது. அதை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது. செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

இதற்கிடையில் ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். அவரை பைக்கில் உட்கார வைத்து அழைத்துச் செல்லாதீர்கள். அருகில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றாலும் தயங்க வேண்டாம். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை, மருத்துவர் உங்கள் கணவருக்கென்று எழுதித் தராமல் வாங்கி வைத்துக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து மயக்கம் வரலாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

பழையபடி உழைக்க முடியுமா என்ற கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். மாரடைப்பு வருமுன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் பலர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கல்லாவில் உட்காரத் தொடங்கிவிடலாம். மணிக்கட்டுக் காயம் ஆறும் வரை அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. பைபாஸ் என்றால் நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சில வாரங்களில் அரை மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும்; மூட்டை தூக்குவதை மட்டும், மறுபரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்னால் பார்த்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் பொதுவாக ஓராண்டு வரை நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையும் அபாயம் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படலாம். சிகரெட்டைக் குறைப்பது போதாது, விட்டுவிட வேண்டும். அவர் விடாவிட்டால் மற்ற எல்லாச் சிகிச்சையின் பலனும் குறையும்.

சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம், எரிந்து விழலாம், இரவில் சிறு வலிக்கும் பயந்து எழலாம். இதய நோய்க்குப் பின் மனச்சோர்வு வருவது மிகவும் சாதாரணம். அது நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. பத்தியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் நிறுத்தி அவரை வாட்ட வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொரித்த பலகாரங்களைத் தவிர்த்துவிட்டு, வீட்டிலுள்ள அனைவரும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது அந்தப் பழைய இ.சி.ஜி. தாளையும், அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது, முதலில் எதற்கு வந்தது, இப்போது எதற்கு வருகிறது என்பதை, வாயு என்ற முடிவைச் சேர்க்காமல், எனக்கு எழுதியதுபோலவே அவரிடமும் சொல்லுங்கள்.