மயக்க ஊசிக்கு முன் குறட்டையைப் பற்றி நர்ஸ்கள் எப்படி விசாரிப்பது?

எண்டோஸ்கோபிக்கு மயக்க ஊசி போடும் முன், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கோளாறு இருக்குமோ என்று கண்டறிய நர்ஸ்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியல் போதும்: குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். ஐந்துக்கு மேல் 'ஆம்' வந்தாலே, ஏன் ஐந்து வந்தாலே, ஆபத்து அதிகம், மயக்க டாக்டரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

பட்டியலை மனப்பாடம் செய்வது சுலபம், கேட்கும் விதத்தைத்தான் பழக்க வேண்டும். "குறட்டை விடுவீங்களா?" என்றால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், தூங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? கூட வந்த மனைவியிடமோ மகனிடமோ கேளுங்கள். எங்கள் செங்கோட்டைப் பக்கம் கேரளத்துப் புனலூர், ஆரியங்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் மலையாளத்தில் 'கூர்க்கம்வலி உண்டோ' (குறட்டை உண்டா) என்றால்தான் புரியும், அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவியின் எண் உடனே குறையாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்கவும், வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் கருவி இருந்தால் அதன் அலையைப் படிக்கவும் கட்டாயம் பழக்குங்கள்.