மணமாகாத அத்தையின் வீடு அவருடைய இணைக்குச் சேருமா?
பெங்களூரு அல்சூரில் பல்லாண்டுகளாக வயரிங் வேலை செய்து, ஓய்வு நேரத்தில் ஏழைப் பெண்களுக்கு அத்தொழிலை இலவசமாகக் கற்றுத்தரும் உங்கள் அத்தை, தம் இணையான பெண்மணியோடு வாழும் வீடு பிற்காலத்தில் அந்த இணைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயில் எழுதாவிட்டால் கிடைக்காது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியதே தவிர, 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமையை ஏற்கவில்லை. ஆகவே 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மணமாகாத, பிள்ளையில்லாத பெண்ணின் சொத்து பெற்றோருக்கும், அவர்கள் இல்லையெனில் தந்தையின் வாரிசுகளுக்குமே போகும்; நாற்பதாண்டு கூடி வாழ்ந்தவருக்கு அதில் இடமே இல்லை என்பது, என் பார்வையில், அப்பட்டமான அநீதி.

சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கும் எழுதிவைக்க அத்தைக்கு முழு உரிமை உண்டு. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், அண்ணன் தம்பிகள் வழக்குத் தொடுக்கக்கூடிய குடும்பமெனில் பதிவு செய்வதும், அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்ற மருத்துவர் சான்றை உடன் வைப்பதும் நல்லது.

வங்கியில் இணையை நியமனதாரராகக் குறிப்பிடத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவுபடுத்தியது. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, உரிமையாளர் அல்லர். எனவே அந்தக் கணக்கையும் உயிலில் சேர்க்க வேண்டும். டிரில்லிங் மெஷின் முதலான கருவிகளைத் தம் மாணவிகளுக்குத் தர விரும்பினால், அதையும் பெயர் குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள்.