முறியும் கை, கிழியும் கூடு

கேள்வி: அண்ணே, என் 1/10 (அசலில் பத்தில் ஒரு பங்கு அளவு) ரிமோட் லோரியைச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டுகிறேன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்க சஸ்பென்ஷன் கை இரண்டு முறை முறிந்துவிட்டது. அலுமினியத்துக்கு மாறலாமா? மேல்கூடும் கிழிகிறது.
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, அந்தத் தப்பை நானும் செய்தவன்தான். அலுமினியக் கை போட்ட முதல் வாரமே செம்பனை மரத்தில் மோதினேன். கை கொஞ்சம் வளைந்ததோடு சரி. அடி முழுவதும் உள்ளே இறங்கி, கையைத் தாங்கும் பல்க்ஹெட் பிளந்துவிட்டது. அதை மாற்ற முன்பக்கத்தையே பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. வளைந்து கொடுக்கும் தடித்த நைலான் கையே போடுங்கள். உலோகத்தில் காசு போட ஆசையென்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டை எஃகுக்கு மாற்றுங்கள். 7.4 வோல்ட் பேட்டரியிலிருந்து 11.1க்குப் போகிறவர்களுக்கு அதுதான் முதலில் தேவை.

உலோகத்தோடு உலோகம் சேரும் திருகுக்கு மட்டும் திருகு கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடலாம்.

கூட்டுக்குப் பெரிய செலவே இல்லை. சுவர் வெடிப்பில் ஒட்டும் வலை டேப் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். கூட்டின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மூலைகளிலும் சக்கர வளைவிலும் அதை ஒட்டி, மேலே சப்பாத்து ஒட்டும் ரப்பர் பசையை மெல்லியதாகத் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். (பால் டின்னில் லோரி செய்து, பழைய சிலிப்பரை வெட்டிச் சக்கரம் போட்ட காலத்தில் எங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை!)

மழை நாளில் ஓட்டினால் அன்றே பேரிங்கைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள். செம்மண் காய்ந்தால் அப்புறம் அது சுற்றாது.